ஏழு நாள் தாள்

கிருஷ்ணவேணி என்ற பெயரை யார் சொன்னாலும் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். நான் பணி ஓய்வு பெற்றுவிட்டேன். அந்த எரிச்சல் மட்டும் இன்னும் வேலையில்தான் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியராகப் புதிதாக ஆர்டர் வாங்கியிருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். ஊசி எப்படிப் போடுவது, மருந்துப் பெட்டியில் ஐஸ் எப்படி அடுக்குவது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். கூட வேலை பார்க்கிறவளைக் கண்டு வயிறு எரிந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதனால் அதையே எழுதுகிறேன்.

என் பொறுப்பில் இருந்தது எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஷேர் ஆட்டோவில் உள்ளே போகிற ஒரு கரிசல்காட்டு ஊர். கிருஷ்ணவேணிக்குப் பக்கத்து ஊர். நடுவில் ஒரு கண்மாய். இருவரும் ஒரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கீழே வேலை பார்த்தோம். அவள் அருப்புக்கோட்டை நெசவுக் குடும்பத்துப் பெண். வீட்டில் தெலுங்கு பேசுவாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், சர்வீஸிலும் பின்னால் வந்தவள். என்னை “அக்கா” என்றுதான் கூப்பிடுவாள். அந்த அக்காவில் மரியாதைக் குறைச்சல் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதே எனக்குக் கடுப்பு.

அவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போகலாம். அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் நின்றபடி வந்தாலும் சேலை மடிப்பு கலையாது. எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு எப்போது ஊசி என்று பதிவேட்டைப் பார்க்காமல் சொல்லுவாள். குடியரசு தின விழாவில் கலெக்டர் கையால் பாராட்டுச் சான்றிதழ் இரண்டு முறை வாங்கினாள். நான் இரண்டு முறையும் மைதானத்தில் உட்கார்ந்து கை சிவக்கத் தட்டினேன், என் மனசு யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்று. அடுத்த வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று அம்மிக் குழவியை எடுத்து வயிற்றில் இடித்துக்கொண்டாளாம் ஒருத்தி. அந்தப் பழமொழியைச் சொல்லி எத்தனையோ பேரை நான் கேலி செய்திருக்கிறேன். குழவி என் கையில்தான் இருந்தது.

இனி கொரோனா தடுப்பூசி வந்த வருஷத்துக்கு வருகிறேன்.

எங்கள் நிலையத்துக்கு வந்தது, சோதனை முழுதாக முடிவதற்கு முன்பே அரசாங்கம் அனுமதி கொடுத்துவிட்ட மருந்து. எனக்கு இது முதல் நாளே தெரியும். மருந்தோடு இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று ஒப்புதல் படிவம். மூன்றாம் கட்டச் சோதனை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, இந்த மருந்து நோயை எந்த அளவுக்குத் தடுக்கும் என்பது இன்னும் உறுதியாகவில்லை என்ற விஷயம் அதில் இருந்தது. போட்டுக்கொள்கிறவர் அதைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இன்னொன்று, ஊசி போட்ட பிறகு ஏழு நாளும் உடம்பு எப்படி இருந்தது என்று எழுதுகிற தாள். காய்ச்சல் வந்ததா, கை வீங்கியதா, வேறு ஏதாவது செய்ததா என்று நாளுக்கு ஒரு கட்டம். நாங்கள் அதை ஏழு நாள் தாள் என்போம்.

முதலில் எங்களைப் போன்ற பணியாளர்களுக்குத்தான் போட்டார்கள். கையெழுத்துப் போடும்போது நான் மருத்துவ அலுவலரிடம் கேட்டேன்.

“சார், சோதனையே முடியலேன்னு போட்டிருக்கே?”

அவர் சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷன். “எனக்கும் தெரியும் சிஸ்டர். மேல கேட்டா, நீங்க போடுங்க, ரிசல்ட்டு பின்னாடி வரும்ங்கிறாங்க” என்று சொல்லிவிட்டு அவரும் சட்டைக் கையை மடக்கினார்.

பதறாத காரியம் சிதறாது என்று நம் ஊரில் சொல்லுவார்கள். அரசாங்கத்துக்கு அதை யார் சொல்வது? ஊரெல்லாம் நோய், அவசரத்துக்குக் காரணம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவசரப்பட்டவர்கள் எங்கேயோ இருந்தார்கள். “ஒண்ணும் செய்யாதுல நர்சம்மா?” என்று ஜனங்கள் கேட்டது எங்களிடம். வருஷக்கணக்காகப் புதன்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு ஊசி போட்டு, பிரசவத்துக்குக் கூடப் போய், திட்டு வாங்கி, மோர் வாங்கிக் குடித்து நாங்கள் சம்பாதித்த நம்பிக்கை அது. அந்த நம்பிக்கையை எங்களைக் கேட்காமலே எடுத்து, சோதனை முடியாத ஒரு மருந்துக்குப் போர்த்திவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்றும் உண்டு.

கோபம் நியாயமானதுதான். நான் செய்த காரியம் நியாயமானதல்ல. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்க மாட்டேன்.

அடுத்து வயதானவர்களுக்குப் போடச் சொன்னார்கள். ஊர் ஊராக ஆட்களை அழைத்துவர வேண்டியது எங்கள் பொறுப்பு. தினமும் சாயங்காலம் நிலையத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் பட்டியல் வரும்: எந்த ஊர், எத்தனை ஊசி. முதல் வாரம் அந்தப் பட்டியலில் என் ஊர் உச்சியில் இருந்தது. கிருஷ்ணவேணியின் ஊர் கடைசியில். அந்தப் பட்டியலை நான் பூஜை அறையில் வைத்துக் கும்பிடாத குறைதான்.

அவள் ஏன் கடைசியில் இருந்தாள் என்று சொல்கிறேன். ஒவ்வொருவரையும் பெஞ்சில் உட்கார வைத்து, அந்தப் படிவத்தை முதல் வரியிலிருந்து படித்துக் காட்டுவாள். “இதுக்குச் சோதனை இன்னும் முடியலைங்கய்யா. இதுவரைக்கும் பாத்ததுல பெரிய கெடுதல் இல்லைங்கிறாங்க. முழுசாத் தெரிய இன்னும் நாளாகும். நான் போட்டுக்கிட்டேன். நீங்க யோசிச்சுச் சொல்லுங்க” என்பாள். பத்துப் பேரை அழைத்து வந்தால் ஐந்தாறு பேர் “யோசிச்சுட்டு வாரோம் தாயி” என்று எழுந்து போய்விடுவார்கள். அவர்கள் போவதை அடுத்த மேஜையிலிருந்து பார்க்கும்போது எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கும்.

என் மேஜையில் யாரும் எழுந்து போனதில்லை. “இங்க ஒரு கையெழுத்து” என்பேன், அவ்வளவுதான்.

என் ஊரில் வேலுச்சாமி அண்ணாச்சி என்று ஒரு சம்சாரி. அறுபது தாண்டியவர், சர்க்கரை உண்டு, பனிக்காலத்தில் மூச்சு இரைக்கும். மானாவாரிக் காட்டில் பருத்தியும் கம்பும் போடுவார். அவர் மனைவி இருளாயி மதினி, மகளிர் குழுவுக்குச் செயலாளர். எட்டாவது படித்தவர். அவர்கள் மகளுக்குத் தலைப்பிரசவத்தில் வலி கண்டபோது ஓடையில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஆட்டோவைப் பின்னாலிருந்து தள்ளிக் கரையேற்றி நானும் கூடப் போனேன். அதிலிருந்து அந்த வீட்டில் என் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அண்ணாச்சி ஊசிக்குச் சரி என்றால் அந்தத் தெருவே வரும் என்பது எனக்குத் தெரியும். காட்டுக்கே போய்விட்டேன்.

பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு மடியில் இருந்த பருத்தியைச் சாக்கில் கொட்டிவிட்டுக் கேட்டார்:

“ஏன் நர்சம்மா, புதுப் பருத்தி விதை வந்தா கடைக்காரன் ஆயிரம் சொல்லுவான். நாங்க நாலு சால் மட்டும் போட்டு ஒரு வெள்ளாமை பாப்போம். காய் நிக்கிதா, பூச்சி தாங்குதா, கடைசி எடுப்பு வரைக்கும் பாத்துட்டுத்தான் மறுவருசம் காடு பூராம் போடுவோம். இந்த ஊசிக்கு நாலு சால் போட்டுப் பாத்தாகளா?”

என் சர்வீஸில் இதைவிட நல்ல கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பதிலும் என் பையிலேயே இருந்தது. ‘நாலு சால் போட்டிருக்காக அண்ணாச்சி, கடைசி எடுப்பு இன்னும் முடியலை’ என்றால் போதும். அவருக்குப் புரிந்திருக்கும். ஒருவேளை மறுத்திருப்பார். ஒருவேளை, தனக்கிருக்கும் சர்க்கரையையும் இரைப்பையும் நினைத்து, சரி, துணிஞ்சு போடுவோம் என்றிருப்பார். அது அவர் எடுக்க வேண்டிய முடிவு.

அன்றைக்குக் காலையில் கிருஷ்ணவேணி ஒரு ஆட்டோ நிறைய ஆட்களைக் கூட்டிவந்திருந்தாள். திரும்பிப் போனவர்களில் சிலர் யோசித்துவிட்டு வந்திருந்தார்கள். பட்டியலில் என்னை முந்திவிடுவாளோ என்ற பயம் எனக்கு.

“எல்லாம் பாத்தாச்சு அண்ணாச்சி. பாக்காம கவர்மெண்டு போடுமா?” என்றேன்.

“நீங்க சொன்னாச் சரி” என்றார்.

மறுநாள் வந்தார், தெருவே வந்தது. அவர் கையெழுத்துப் போடும்போது படிவத்தின் மேல்பாதியை என் உள்ளங்கை மறைத்திருந்தது. காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டேன் என்று யாரிடமாவது சொல்லியிருக்கலாம். மறைக்கத்தான் வைத்தேன்.

அடுத்தது ஏழு நாள் தாள். ஆட்கள் கூடக் கூடத் தாள்களும் கூடின. அத்தனை வீட்டுக்கும் ஏழு நாளும் நடந்தால் புது ஆட்களைப் பிடிக்க எப்போது போவது? பரண் ஏறித் தேட வேண்டாத பொருள் மாதிரி ஒரு யோசனை சுலபமாகக் கைக்கு வந்தது: நானே எழுதிவிட்டேன். காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, நன்றாக இருக்கிறார். ஏழு கட்டத்துக்கும் ஒரே மூச்சில். நம் வேலையில் இந்தப் பழக்கம் புதிதில்லை, நீங்களும் சீக்கிரம் பார்ப்பீர்கள். போகாத வீட்டுக்குப் போனதாக எழுதுவது, எடை போடாத பிள்ளைக்குப் போன மாத எடையோடு கொஞ்சம் சேர்த்து எழுதுவது. எல்லோரும் செய்கிறோம் என்பதால் தப்பென்றே தோன்றாது.

கிருஷ்ணவேணி ஏழு நாளும் போனாள். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோ கிடைக்காமல் மெயின் ரோடு வரை நடந்தாள். நிலையத்தில் நடக்கும் செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் அவள் தாள்களைப் பார்த்தால் கட்டம் கட்டமாகக் காய்ச்சல், கை வலி, தலைசுற்று, ஒருவருக்கு வாந்தி. என் தாள்கள் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தன.

“என்ன சிஸ்டர், உங்க ஊர்ல மட்டும் எல்லாருக்கும் காய்ச்சல் வருது?” என்று மருத்துவ அலுவலர் அவளிடம் கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். “சார், இவ வீடு வீடாப் போய்க் காய்ச்சல் இருக்கா, தலை சுத்துதான்னு கேட்டுக் கேட்டுச் சொல்ல வைக்கிறா. படிவத்தை வேற முழுசாப் படிச்சுக் காட்டி வந்த ஆளைத் திருப்பி அனுப்புறா. ஜனம் பயப்படாதா? டார்கெட்டு எப்படி வரும்?”

அவர் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். “ஜனங்களைப் பயமுறுத்தாதீங்க சிஸ்டர்” என்று அவளிடம் சொன்னார். கிருஷ்ணவேணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். “சரி சார்” என்றாள். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சாப்பாடு ரொம்ப ருசியாக இருந்தது. வெறும் புளிச்சோறுதான்.

அதே வாரம் வேலுச்சாமி அண்ணாச்சிக்கு ஊசி போட்ட இரண்டாம் நாள் காலை. துணை சுகாதார நிலையத்தில் மேஜையைப் போட்டு, அவர் தெருவின் தாள்களை எழுதிக்கொண்டிருந்தேன். இருளாயி மதினி வேகமாக வந்தார்.

“நர்சம்மா, அவுகளுக்கு மேலு காந்துது. போத்திப் படுத்தும் நடுக்கம் நிக்கலை. இரைப்பும் இருக்கு. ஊசிதான் செய்யுதா, வேற எதுவுமா?”

“ஊசிக் காய்ச்சல்தான் மதினி, மாத்திரை தாரேன், கூடவே வாரேன்” என்று உள்ளே போனேன். மாத்திரையோடு திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு தாள் இருந்தது. விரல் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்துகொண்டிருந்தது.

“இது எங்க வீட்டுக்காரர் பேருதான?”

“ஆமா மதினி. அது சும்மா ஆபீசுக்கு…”

“ஏழாம் நாளு நல்லா இருக்காருன்னு எழுதியிருக்கீக. இன்னைக்கு ரெண்டாம் நாளுதான தாயி?”

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டுச் சமாளித்திருப்பேன். அந்தத் தாளை இருந்த இடத்திலேயே வைத்தார். மாத்திரைக்குக் கையை நீட்டினார்.

“இதாச்சும் நெசமான மாத்திரையா?”

அவர் பின்னாலேயே போனேன். அண்ணாச்சியைப் பார்த்தேன், ஆட்டோ பிடித்து நிலையத்துக்குக் கொண்டுபோய் மருத்துவ அலுவலரிடம் காட்டினேன். சாதாரணக் காய்ச்சல், மறுநாள் இறங்கிவிட்டது. அண்ணாச்சி எழுந்து காட்டுக்குப் போய்விட்டார். ஊரில் என் பேர்தான் எழுந்திருக்கவில்லை. மதினி நிலையத்திலிருந்து ஒரு ஒப்புதல் படிவத்தைக் கேட்டு வாங்கிப்போய் மகளிர் குழுக் கூட்டத்தில் வாய்விட்டுப் படித்திருக்கிறார். சோதனை முடியவில்லை என்ற இடம் வந்ததும் இரண்டு தடவை படித்தாராம்.

அதற்குப் பிறகு என் ஊரிலிருந்து ஒருவரும் ஊசிக்கு வரவில்லை. அதைக்கூடத் தாங்கியிருப்பேன். புதன்கிழமை பிள்ளைகளின் ஊசிக்கு வந்த ஒரு பெண் கைப்பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “இந்த ஊசியாச்சும் பாத்த ஊசியா நர்சம்மா?” என்று கேட்டாள். அவளுக்கே சின்ன வயசில் ஊசி போட்டவள் நான். என் பொய் எவ்வளவு தூரம் போய்விட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

கண்மாய்க்கு அந்தப் பக்கம் நேர் எதிர். கிருஷ்ணவேணியிடம் யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள், அவள் ஏழு நாளும் வீட்டுக்கு வந்து எழுதிப் போவதைப் பார்த்தார்கள். காய்ச்சல் வந்தது, அவளும் வந்தாள், காய்ச்சல் போனது, அப்போதும் வந்தாள். அதன்பிறகு அவர்களாகவே கிளம்பி வந்தார்கள். ஒருநாள் என் ஊர்ப் பெண்கள் மூன்று பேர் அவள் கூட்டிப்போகும் ஆட்டோவில் ஏற, கண்மாய்க் கரைமேல் நடந்து அவள் ஊருக்குப் போனதைப் பால்வாடி வாசலிலிருந்து பார்த்தேன். போகட்டும், ஊசிதானே போட்டுக்கொள்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது. என் ஜனங்கள் அவர்கள். என் ஜனங்களைக்கூட அவள் எடுத்துக்கொண்டாளே என்று அழுதேன்.

இதற்கு நடுவில் சோதனையின் முடிவு வெளியாகி, மருந்து நன்றாக வேலை செய்கிறது என்ற செய்தி வந்தது. ஒப்புதல் படிவம் தேவையில்லை, ஏழு நாள் தாளும் தேவையில்லை என்று உத்தரவும் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் சொன்னது சரியாகிப்போச்சு! மதுரையில் ஆஸ்பத்திரிகள் நிறைந்துகொண்டிருந்தன, இரண்டாவது அலை வந்துகொண்டிருந்தது. அண்ணாச்சிக்கு இரண்டாவது ஊசி போட வேண்டிய நாளும் நெருங்கியது. ஓடினேன்.

“அண்ணாச்சி, சோதனை முடிஞ்சிருச்சு. நல்லாருக்குன்னு சொல்லிட்டாக. ரெண்டாவது ஊசிக்கு வாங்க.”

அவர் கலப்பைக் கொழுவைத் தட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “இப்ப நல்லாருக்குன்னு சொல்றீக. தெரியாதப்பவும் இதையேதான சொன்னீக. நான் எதைன்னு நம்ப?”

நான் திரும்பி வந்தேன். மருந்து தேறிவிட்டது, நான் தேறவில்லை. இன்னொன்றும் அன்றைக்குத்தான் உறைத்தது. சோதனையை முடிக்காமல் கொண்டுவந்துவிட்டார்கள் என்று அரசாங்கத்தைத் திட்டினேனே, மருந்து உடம்பில் என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் அந்த ஏழு நாள் தாளைக் கொடுத்தார்கள். என் ஊர்த் தாள் அத்தனையும் பொய். வேறு எத்தனை ஊரில் எத்தனை பேர் என்னைப் போல எழுதினார்களோ, எனக்குத் தெரியாது.

சர்க்கரைக்காரர், இரைப்புக்காரர். அலை ஊருக்குள் வந்தால் முதலில் சாய்கிற ஆள் அவர்தான். என் சொல் அந்த வீட்டு வாசற்படி தாண்டாது. யார் சொல் தாண்டும் என்பது எனக்குத் தெரியும். அதை ஒத்துக்கொள்ள இரண்டு நாள் ஆனது. இன்றைக்கு நினைத்தால் அந்த இரண்டு நாளுக்காகத்தான் அதிகம் வெட்கப்படுகிறேன்.

நிலையத்தின் பின்பக்கம் கிருஷ்ணவேணி மருந்துப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“வேணி, எங்க ஊருக்கு ஒருநாள் வா. நீ சொன்னாக் கேப்பாக” என்றேன். பிறகு தாள் விஷயத்தைச் சொன்னேன்.

“அது எனக்குத் தெரியும்க்கா. அத்தனை வயசானவுகள்ல ஒருத்தருக்குக்கூட கை வலிக்கலைன்னா யாரு நம்புவா? அன்னைக்குக் கூட்டத்துல நீங்க என்னைப் பத்திச் சொன்னப்ப, வாய் வரைக்கும் வந்துச்சு.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கணும்” என்றாள். “உங்களைக் காட்டிக்குடுத்தா நம்ம ரெண்டு பேரு சண்டையா முடிஞ்சிரும்னு விட்டேன். அப்பவே சொல்லியிருந்தா அந்த வீட்டுக்காரம்மா கையில தாள் சிக்கியிருக்காது. அது என் தப்புதான்.”

உண்மையைச் சொல்வதாகச் சொல்லிவிட்டேன், அதனால் இதையும் சொல்கிறேன். அவளிடம் ஒரு தப்பு இருக்கிறது என்று கேட்டதும் அந்த நிலைமையிலும் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது.

“வாரேன்க்கா. ஆனா நான் பேசமாட்டேன். நான் பேசினா ஊசி போட்டுக்குவாக, சரி. அடுத்த புதன்கிழமை பிள்ளையைத் தூக்கிட்டு யார்கிட்ட வரணும்? உங்ககிட்டதான? நீங்க பேசுங்க, நான் கூட நிக்கிறேன்.”

நூறு நாள் வேலைக்காரர்கள் கண்மாய்க்குள் கூடியிருந்த காலை நேரம். வருகைப் பதிவு முடிந்ததும் நான் முன்னால் போய் நின்றேன். பழைய ஒப்புதல் படிவத்தை முதல் வரியிலிருந்து படித்தேன். “இதைப் படிச்சுக் காட்டாமத்தான் உங்ககிட்டக் கையெழுத்து வாங்கினேன். ஏழு நாள் தாளையும் நானே பொய்யா எழுதினேன். அன்னைக்குச் சோதனை முடியலை, நான் முடிஞ்சதாச் சொன்னேன். இப்ப முடிஞ்சிருக்கு. எத்தனை நாள் தாங்கும்னு இன்னமும் தெரியலை. தெரியாததைத் தெரியாதுன்னே சொல்றேன்” என்றேன்.

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: “இதை அன்னைக்கே சொல்லியிருந்தா என்னா கொறைஞ்சா போவீக?”

காரணத்தையும் சொன்னேன். பக்கத்தில் நின்றவளைக் காட்டி, “இவளை முந்தணும்னுதான்” என்றேன்.

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு கண்மாய் முழுக்கச் சிரிப்பு. “அட, பங்காளிக் காய்ச்சலா! பக்கத்துக் காட்டுல மழை பேஞ்சா நமக்கு வகுறு எரியத்தான செய்யும்” என்றார் ஒருவர். நான் சொன்ன மற்றதெல்லாம் புரிந்ததோ என்னவோ, அது அவர்களுக்கு நன்றாகவே புரிந்தது. இருளாயி மதினி மட்டும் சிரிக்கவில்லை. படிவத்தைக் கையில் வாங்கி, நான் எந்த வரியையும் விடவில்லையே என்று சரிபார்த்தார்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தார்கள், எல்லோரும் அல்ல. அந்த அலையில் எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இறந்தார், கடைசி வரை ஊசிக்கு வராதவர். என் தாளால் வராமல் போனாரா, எப்படியும் வந்திருக்க மாட்டாரா என்று எனக்குத் தெரியாது. அவர் வீட்டைக் கடக்கும்போது இப்போதும் என் நடை வேகமாகிவிடும்.

வேலுச்சாமி அண்ணாச்சி இரண்டாவது ஊசிக்கு வந்தார். நானும் கிருஷ்ணவேணியும் பக்கத்துப் பக்கத்து மேஜை. என் மேஜை காலியாகத்தான் இருந்தது. அவர் சட்டைக் கையை ஏற்றிக்கொண்டு என்னைக் கடந்து அவள் முன்னால் போய் உட்கார்ந்தார்.

“கோவிச்சுக்கிடாதீக நர்சம்மா. இந்தத் தடவை அந்தம்மா போடட்டும்.”

நான் பஞ்சை எடுத்துக் கொடுத்தேன். அவள் போட்டாள். பிழைத்தார் மனுஷன் என்ற நிம்மதி ஒரு பக்கம். என் ஊர்க்காரர், ஆட்டோவை நான் தள்ளிய வீட்டுக்காரர், அவளிடம் கை நீட்டிவிட்டாரே என்ற எரிச்சல் இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன. எரிச்சல் போன பிறகு நல்லது செய்யலாம் என்று காத்திருந்தால் அது நடக்காது. பஞ்சை எடுத்துக் கொடுங்கள், எரிந்துகொண்டே கொடுங்கள்.

கிளம்பும்போது இருளாயி மதினி என் மேஜைக்கு வந்தார்.

“அந்த ஏழு நாள் தாள் ஒண்ணு குடுங்க.”

“அதை நிப்பாட்டியாச்சு மதினி. இப்ப யாரும் கேக்கிறதில்லை.”

“கேக்கலைன்னா போகட்டும். நீங்க வச்சிருப்பீகள்ல?”

பையின் அடியில் எழுதாத தாள்கள் கிடந்தன. பேனாவோடு ஒன்றை எடுத்தேன். அவர் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டார். “நானே எழுதிக்கிறேன்.”

எட்டாம் நாள் அந்தத் தாளை என் மேஜையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஓய்வு பெற்ற அன்று நிலையத்திலிருந்து நான் வீட்டுக்கு எடுத்துவந்தது அது ஒன்றுதான். கிருஷ்ணவேணியின் எந்தச் சான்றிதழைப் பார்த்தும் படாத பொறாமையை அந்தத் தாளைப் பார்த்துப் படுகிறேன். முதல் நாள், கை வலி. இரண்டாம் நாள், லேசான காய்ச்சல், கஞ்சி குடித்தார். மூன்றாம் நாள், காய்ச்சல் இல்லை, காட்டுக்குப் போக வேண்டாமென்றேன், போனார். இப்படியே ஒவ்வொரு கட்டமும் வேறு வேறு பேனா, வேறு வேறு மை. கடைசிக் கட்டத்தில், இடம் போதாமல் ஓரத்தில் ஏறி இறங்கி, இப்படி எழுதியிருக்கிறார்:

“ஏழாம் நாள். நல்லா இருக்காரு. இதை எழுதுனது ஏழாம் நாள் சாயங்காலம்.”